பேசாத ரேடியோவுக்கு எதற்கு பேட்டரி?

போன வாரம் எனக்குக் கிளினிக் நாள். ராஜுவின் ஆட்டோவில் பதுளைக்குப் போனேன். ராஜு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரன்; வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றுதான் அவனுக்கும். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையன் வாய்.

பிரஷர் மாத்திரை வாங்கியாயிற்று. வெற்றிலை வாங்கியாயிற்று. கடைசியாக ரேடியோவுக்குப் பெரிய பேட்டரி வாங்கிக்கொண்டு வந்து ஏறினேன். ராஜு கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க... அந்த ரேடியோதான் பேசுறதில்லையே. பேசாத ரேடியோவுக்கு எதுக்கு பேட்டரி?"

"சும்மாதான்" என்றேன்.

"நாள் முழுக்க 'ஸ்ஸ்ஸ்'னு இரைஞ்சுக்கிட்டு கெடக்கு. காம்பராவுல பாம்பு வளர்க்கிற மாதிரில்ல இருக்கு!"

சிரித்தேன். பதில் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் நின்றால் முந்தானைக்குப் பின்னால் போய்விடுகிறவள் நான். வாயில் வராததைத்தான் வாரா வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் எழுதிவைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதையும் நீங்கள் படிக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் ராஜுவுக்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ரேடியோ என் மகன் கத்தாரில் இருந்து கொண்டுவந்தது. மற்ற ரேடியோ மாதிரி இல்லை. அதில் ஏகப்பட்ட பேண்ட். "அம்மா தனியா இருக்கீங்க, பாட்டுக் கேளுங்க" என்று கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டான். அவன் அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார். அவர் போனது திரும்பி வராத ஊர்.

பாட்டுத் தேடிக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பாட்டுக்குப் பதிலாகப் போலீஸ் வந்தது!

பயந்துபோய் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பப் போட்டேன். ஆமாம், போலீஸ்தான். ஒரு ஜீப் இன்னொரு ஜீப்போடு பேசுகிறது. ஸ்டேஷன் கேட்கிறது, ரோட்டில் நிற்கிறவர் பதில் சொல்கிறார். எல்லாம் சிங்களம். எனக்குச் சிங்களம் தெரியும். சின்ன வயதில் பண்டாரவளையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். படிப்பு ஐந்தோடு நின்றதும் அதனால்தான், சிங்களம் வந்ததும் அதனால்தான்.

அதைக் கேட்கலாமா, கூடாதா? அப்போது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காற்றில் வந்தது, கேட்டோம். அவ்வளவுதான்.

அதில் ஒருவர் பேசுவார். பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல். அவர் சிங்களத்தில் நம் ஆட்கள் பேசும் இழுவை இருக்கும். தமிழ்ப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பேர் தெரியாது, முகம் தெரியாது. குளிர் மாதத்தில் அவருக்குச் சளி பிடிக்கும். தும்மினால் நான் அடுப்படியில் இருந்து ஆயுசுக்கு "நூறு" என்பேன். ரொம்ப இருமினால், "கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்பேன். ரேடியோவிடம்தான்! யாராவது பார்த்திருந்தால் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசிய ஒரே பேச்சு அதுவாகக்கூட இருந்திருக்கும்.

மெதுவாக லயத்துக்கு விஷயம் தெரிந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மண், கீழே பள்ளம், நடுவில் பஸ். மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு கொஞ்சம் பெரிய மழை பெய்தாலே எல்லாரும் மலையைத்தான் பார்க்கிறோம். மண் எங்கே சரிந்தது, பஸ் எங்கே நிற்கிறது, பெரகல பக்கம் போகலாமா... எல்லாம் ரேடியோவில் உடனே வரும்.

காலையில் ராஜு வந்து நிற்பான். "பெரியம்மா, ரோடு எப்படி?" வேலைக்குப் போகும் பெண்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். "அக்கா, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்வேன். ஒருமுறை பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ராஜு வந்தான். "அந்த வளைவுல மண் விழுந்திருக்கு, மேல் ரோட்டால போ" என்றேன். போனான். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, ஆட்டோவில் இல்லை.

சாயந்திரம் இன்னும் கலகலப்பு. என் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கசிப்புச் சாராயம் பிடித்த கதை, மாடு திருடிய கதை. ஒருநாள் வேறொரு தோட்டத்தில் பெண்சாதி புருஷன்மேல் போலீசில் போட்ட முறைப்பாடு வந்தது. தோட்டத்துப் பேர், லயம், புருஷன் பேர், அவன் எதால் அடித்தான் என்பதுவரை. நான் தமிழில் சொன்னேன். "அய்யோ, அவனா! நம்ம மச்சான் சொந்தமில்ல?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பேசத் தெரியாதவள் வாசலில் இத்தனை கூட்டம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் ஒருநாள் ரேடியோ பேசவில்லை.

"ஸ்ஸ்ஸ்" மட்டும்தான். பேட்டரி மாற்றினேன். ஏரியலைக் கூரைவரை இழுத்துக் கட்டினேன். தட்டினேன். கடைசியில் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பதுளையில் ரேடியோ திருத்துகிற மெக்கானிக்கிடம், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவரிடம், போனேன். அவர் திறந்தே பார்க்கவில்லை. குமிழைத் திருப்பிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு அம்மா. அவங்க பேச்சுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க."

"காத்துல வர்ற பேச்சுக்கு எப்படிப் பூட்டுப் போடுறது?"

பாஸ் ரேடியோவை மேசையில் வைத்தார். "இப்ப அரிசியை மாவா அரைச்சு அனுப்புறாங்கன்னு வைங்க. அவங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு. அதுல போட்டா மாவு திரும்ப அரிசியாகும். உங்க ரேடியோவுல அந்த மெஷின் இல்ல. உங்களுக்கு மாவுதான் கொட்டும்."

"அப்ப அவங்க பேசிக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

"பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. நமக்குத்தான் விளங்காது."

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தும் பஸ்ஸில் வெளியே பார்க்காமல் வந்தேன். செத்துப்போனவருக்கு அழலாம். வெளிநாட்டுக்குப் போனவருக்குப் போன் எடுக்கலாம். இது என்ன? அவர் அங்கேயேதான் செருமுகிறார், அங்கேயேதான் தும்முகிறார். எனக்கு மட்டும்தான் அவர் இல்லை.

வாசலுக்கு ஆள் வருவதும் நின்றது. முதல் வாரம் வந்து கேட்டார்கள். "இன்னும் சரியாகலையா அக்கா?" அடுத்த வாரம் பலகையை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. அவர்கள் வந்தது ரேடியோவிடம். நான் அதன் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இந்த வயது ஆகியிருக்கிறது.

இப்போது ரோட்டுச் செய்தி போனில் வருகிறது. எப்படி வருகிறது? யாரோ பழைய மண்சரிவுப் படத்தை இன்று நடந்தது மாதிரி போட்டுவிடுகிறார்கள். ஒருநாள் அதை நம்பி ராஜு ஊரைச் சுற்றிப் போய் எண்ணெயை எரித்துவிட்டு வந்தான். உண்மையான அறிவித்தல் வரும்போது அது சிங்களத்தில் வருகிறது. லயத்தில் பாதிப் பேர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். உண்மை கதவைச் சாத்திக்கொண்டால் பொய் ஜன்னலால் வரத்தானே செய்யும்?

இதுவரை சொன்னதைக் கேட்டால், பூட்டுப் போட்டது தப்பு என்று நான் சொல்லப்போவதாக நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... பாக்கியம் வரும்வரை.

பாக்கியம் பக்கத்துக் காம்பராக்காரி. அது அவள் பேர் இல்லை. அவள் கேட்டபடி பேரை மாற்றியிருக்கிறேன். புருஷன் இல்லை. ஒரே மகன். கொழும்பில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன். வரும்போது குடியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அப்படிக் கட்டிய வரிசையில் பரம்பரையாக இருக்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்தில் சண்டைச் சத்தம் கேட்டால் நம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்போம். 'எனக்குக் கேட்கவில்லை, நீ வெட்கப்படாதே' என்று அதற்கு அர்த்தம். விடிந்தால் குழாயடியில் அவளும் ஒன்றும் நடக்காத மாதிரி வருவாள். நாமும் ஒன்றும் கேட்காத மாதிரி சிரிப்போம்.

பாக்கியத்தின் மகன் கத்தும்போதெல்லாம் நானும் அதைத்தான் செய்தேன். கூட்டிவைத்தேன். என் ரேடியோவில் வந்தது போலீஸ். சுவருக்கு இந்தப் பக்கம் போலீஸ் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு தாய் அடிவாங்கிக்கொண்டிருப்பாள்.

பூட்டுப் போட்ட பிறகு ஒரு சாயந்திரம் அவன் தொடங்கினான். கை தானாக ரேடியோவுக்குப் போய்க் கூட்டியது. "ஸ்ஸ்ஸ்..." அந்த இரைச்சலுக்கு எதையும் மூடத் தெரியவில்லை. எல்லாம் கேட்டது. ஒரு பாத்திரம் விழுந்தது. அப்புறம் பாக்கியம், "வேணாம் சாமி... வேணாம்டா சாமி" என்றாள். அடிக்கிறவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். பெற்றவள்.

என்னால் முடியவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டேன்.

லயமே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கமும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. நான் எழுந்து போனேனா? இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு ஜீப் வந்தது. லயத்தில் நானும், வேலைக்குப் போகாத பாக்கியமும், தூங்கிக்கொண்டிருந்த அவள் மகனும்தான். எனக்கு முதலில் வந்தது பயம். ரேடியோவைத் தேடித்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்! ஓடிப்போய் அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடினேன்.

ஒரு பெண் போலீஸ் இறங்கி வந்தார். சின்னப் பிள்ளை. சிங்களப் பிள்ளை.

"அம்மா, பாக்கியம் வீடு... எது?"

கையைக் காட்டினேன். உள்ளே போய் அவர் மெதுவாகப் பேசினார். எவ்வளவு மெதுவாக என்றால், கூரையைத் தொடாத சுவர் இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஜீப்பில் ஏறினான்.

ஜீப்பின் முன்சீட்டில் நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன் உட்கார்ந்திருந்தார். நான் அவரையே பார்த்தேன். ஒரு வார்த்தை... 'போகலாம்' என்று ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும், அவர்தானா என்று கண்டுபிடித்துவிடுவேன். பேசவில்லை. வண்டி திரும்பும்போது ஒரு தும்மல் மட்டும் போட்டார். தும்மலை வைத்து என்னத்தைச் சொல்ல? எல்லாருக்கும் ஒரே தும்மல்தானே.

"நூறு" என்றேன். ஜீப் போய்விட்டது.

மலையில் நிற்கிறவர்களுக்கு ஜீப் தெரியாமல் இருக்குமா? சாயந்திரம் கூடையை இறக்கியும் இறக்காமலும் எல்லாரும் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பலகை வந்தது. ராஜு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். எத்தனை காலத்துக்குப் பிறகு! அடுப்பில் பெரிய கேத்தலை வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"அக்கா, ஜீப்பு எதுக்கு வந்துச்சு?"

"பெரியம்மா வீட்டுலதானே இருந்தாங்க, பார்த்திருப்பாங்க!"

"கசிப்புக்காகத்தான் இருக்கும்" என்றான் ராஜு.

"நீ சும்மா இரு, அக்கா சொல்லட்டும்."

எல்லார் முகமும் என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருட்டும்வரை இருப்பார்கள். நாளைக்கும் வருவார்கள். பாக்கியத்தின் கதவு சாத்தியிருந்தது. ஆனால் கதவைச் சாத்தி என்ன பயன்? சுவருக்கு மேலே எல்லாம் திறந்துதானே கிடக்கிறது. அவள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கென்ன தெரியும்? ரேடியோதான் ஒண்ணும் பேசுறதில்லையே" என்றேன்.

"அதானே! முன்ன மாதிரி இருந்திருந்தா இந்நேரம் நமக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று ராஜு பெருமூச்சு விட்டான். தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பலகையும் போனது. கழுவுவதற்கு இருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போது கதவில் நிழல். பாக்கியம்.

பக்கத்துக் காம்பராவில் இத்தனை வருஷம் இருக்கிறாள். என் வாசலில் கூட்டம் கூடிய காலத்தில் ஒருநாள்கூட வந்து உட்கார்ந்ததில்லை. தலைக்கனம் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"தேத்தண்ணி மிச்சம் இருக்காக்கா?"

ஊற்றிக் கொடுத்தேன். கன்னம் வீங்கியிருந்தது. குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எத்தனையோ தடவை போலீசுக்கு அடிக்கலாம்னு போனைக் கையில எடுத்திருக்கேன்க்கா. எடுக்கிற நேரம் உங்க ரேடியோவுல அவங்க பேசுவாங்க. நாளைக்கு என் பேரும் இதுலதானே வரும்னு வச்சுருவேன்."

கையில் இருந்த கேத்தலைக் கீழே வைத்தேன்.

"பெத்த பிள்ளை அடிக்கிறான்னு போலீஸ்காரன் சொல்லி, அதை நீங்க தமிழ்ல சொல்லி, எல்லாரும் சிரிச்சு..." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "நீங்க நல்லா விளக்கமாச் சொல்வீங்கல்ல?"

"நாங்க எல்லாம் கேக்காத மாதிரிதானே இருந்தோம் பாக்கியம்..."

"அழுகையைக் கேக்காத மாதிரி இருக்கலாம்க்கா. போலீஸ் பேர் சொல்லிச் சொன்னா, அப்புறம் யாரு கேக்காத மாதிரி இருப்பா?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து ரேடியோவை நிப்பாட்டினீங்களே... அப்பத்தான் எனக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு. அதுக்கப்புறம்தான் போலீசுக்கு அடிச்சேன்" என்றாள்.

போலீஸ் விட்ட பிறகு மகன் இப்போது கொஸ்லந்தையில் மாமன் வீட்டில் இருக்கிறான். குடியை விடுவதற்கு மருந்து எடுக்கிறான். கொஞ்ச நாள் கழித்துக் குழாயடியில் பாக்கியமே எல்லாரிடமும் சொன்னாள். அவள் சொன்ன அளவுக்கு, அவள் சொன்ன மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. "இப்ப எழுதிக்கோங்கக்கா, பேரை மட்டும் மாத்திருங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தவள் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குக் கதவு வேண்டும், சரி. ரோட்டுக்குக் கதவு எதற்கு? பாக்கியத்தின் கண்ணீரைப் பூட்டி வையுங்கள். சாவியைக் கிணற்றில் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் மலை சரிந்தால், ரோடு உடைந்தால், அதை எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லுங்கள். தமிழிலும் சொல்லுங்கள். அரிசியையும் உமியையும் பிரிக்க நம் பெண்களுக்கு ஒரு சுளகு போதும். இவ்வளவு பெரிய மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது முடியாதா?

சரி, பேட்டரிக்கு வருகிறேன்.

இன்னும் அந்தச் செருமல் காதில் வந்துகொண்டுதான் இருக்கிறது. மழை பெய்யும்போது குமிழைத் திருப்பிப் பார்க்கிறேன். இரைச்சலுக்குள் எங்கேயோ அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். குளிர் மாதம் வரப்போகிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுக்க ஆள் இருக்கிறதோ என்னவோ.

ஆனால் பேட்டரி அதற்காக இல்லை. பாக்கியத்துக்கும் இப்போது காம்பராவில் ஆள் இல்லை. மகனை அனுப்பிய வீடு, தாய்க்கு எப்படி இருக்கும்? அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என் பக்கத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்தால், நான் விழித்திருக்கிறேன், கேத்தல் அடுப்பில் இருக்கிறது, வா என்று அர்த்தம். நிறுத்திவிட்டால் நான் படுத்துவிட்டேன்.

இரைகிறதைக் கேட்டதும் சுவரில் இரண்டு தட்டு விழும். "வர்றேன்க்கா!"

அந்த இரைச்சலின் அர்த்தம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ராஜுவுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய மெஷின் வைத்திருக்கிற போலீசுக்கும் தெரியாது.

அடடா... இப்போது உங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டதே! வேறு பூட்டுத்தான் வாங்க வேண்டும்.